நின்ற பண்ணை

ஏலத்தோட்டத்தை முதலில் யாரும் நடவில்லை. மரம் ஒன்று விழுந்தது, விழுந்த இடத்தில் தோட்டம் முளைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடகுக் காடுகளுக்குள் போன ஆங்கிலேய வன அதிகாரிகள் இதை வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். சரிவில் நிற்கும் வயதான பெருமரம் ஒன்றைத் தேர்ந்து, அடிப்புதரைச் செதுக்கிவிட்டு, அந்த ஒற்றை மரத்தைச் சாய்ப்பார்கள். அது தன் பாரத்தில் சுற்றியிருக்கும் சிறுமரங்களையும் இழுத்துக்கொண்டு விழும். தரை அதிரும். இருட்டிக் கிடந்த காட்டில் வானம் ஒரு துண்டு தெரியும். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த இடம் முழுக்க ஏலக் கன்று. விதைத்தவர் எவருமில்லை. விழுந்த அதிர்ச்சிதான் விதையை எழுப்பியது என்று காட்டுக்காரர்கள் உறுதியாக நம்பினார்கள். அதிர்ச்சியைவிட வெளிச்சத்துக்கே பங்கு அதிகம் என்று இன்று சொல்வோம். சருகுக்கடியில் கிடந்த விதைக்குக் கொஞ்சம் வெயில் எட்டியது, முளைத்துக்கொண்டது.

அந்தப் பழைய முறையில் ஒரு கணக்கு இருந்தது. சாய்த்தது ஒரு மரத்தை, காட்டை அல்ல. ஏலச் செடிக்கு வெயில் கூடினால் இலை கருகும், குறைந்தால் பூ வராது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பாதி அளவு வடிகட்டி இறங்கினால் போதும் என்று இன்றைய ஆராய்ச்சி நிலையங்கள் சொல்வதும், கோடரியோடு போனவர்கள் கண்ணளவில் செய்ததும் கிட்டத்தட்ட ஒன்றே. நெல்லுக்கும் வாழைக்கும் காட்டை அழித்தால்தான் விவசாயம். ஏலத்துக்குக் காட்டை வைத்திருந்தால்தான் விவசாயம். போடிநாயக்கனூருக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் தொடங்கி 1,500 மீட்டர் வரை விரிந்து கிடக்கும் ஏலமலையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

போடி ஊர் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே தலையை நிமிர்த்தினால் மலை, சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அங்கே நிற்கும்போது கீழே விட்டு வந்த ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேல் பள்ளத்தில் கிடக்கும். மெட்டுதான் மழைக்கும் எல்லை. ஆனி, ஆடியில் மேலே விடாமல் சாரல் அடித்துக்கொண்டிருக்க, கீழே போடியில் காற்று மட்டும் புழுதியைக் கிளப்பும். கீழே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டு பருவம், இரண்டு மண், இன்று இரண்டு மாநிலம். கம்பம் பள்ளத்தாக்கில் வயல், சரிவில் புல்லும் மூங்கிலும், உச்சியில் சோலை. இந்த மூன்றையும் ஒரே பிழைப்பாகக் கோத்துக்கொண்ட குடும்பங்களின் பண்ணையை வழக்கமான நில வரைபடத்தில் காட்ட முடியாது. மற்ற ஊர்ப் பண்ணைகள் படுத்திருக்கும். போடிக்காரர் பண்ணை நின்றிருந்தது.

அது எப்படி எழுந்து நின்றது?

முதலில் மேலே இருந்தவர்கள் முதுவர்களும் மன்னான்களும். இரு சமூகத்தாரும் தங்கள் பூர்விகத்தை மதுரையோடு சேர்த்துச் சொல்பவர்கள். தேன், குங்கிலியம்போல ஏலமும் அவர்களுக்குக் காடுபடு பொருள். தானாய் விளைந்ததைப் பறித்து, காயவைத்து, மலையிறக்கிக் கொடுத்தார்கள். ஆள்பவருக்கோ அது பணம். மிளகைப் போலவே ஏலத்தையும் திருவிதாங்கூர் அரசு தன் தனியுரிமையாக வைத்திருந்தது. விளைவித்தவன் காயை வெளியே விற்கக் கூடாது. அரசின் பண்டகசாலையில் அளந்து போட்டுவிட்டு, அரசு வைத்த பங்கை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சேர்ந்த சரக்கு ஆலப்புழைக்குப் போய் அங்கே விலைக்கு வந்தது. ஏலமலைக்கும் ஆலப்புழைக்கும் இன்று பெரிதாகக் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனாலும் பச்சை ஏலக்காயின் வணிகத் தரப் பெயர் இன்னமும் ‘ஆலப்பி கிரீன்’தான்.

காடு திருவிதாங்கூருடையது, உழைக்க வந்த கை பெரும்பாலும் மதுரைச் சீமையுடையது. இதற்குப் பெரிய காரணம் தேட வேண்டாம். மேற்கே கோட்டயம் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வர நாள் கணக்கில் யானைக் காட்டைக் கடக்க வேண்டும். கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறினால் ஒரு பொழுதில் உச்சி. போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் என்று அடிவாரத்தில் வரிசையாக ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் மேலே ஏறுவதற்கு ஒரு மெட்டு: போடிமெட்டு, தேவாரம் மெட்டு, ராமக்கல்மெட்டு, கம்பம்மெட்டு. தேவாரத்துக்காரர்கள் சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பழைய நடைபாதைக் கணக்கின் மிச்சம். 1822-ல் திருவிதாங்கூர் அரசே, ஏலம் விளைவிக்க வருகிற குடிகளுக்கு ஆதரவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. ஆள் வராத மலையில் வரி வராது என்பது அரசுக்குத் தெரியும். மலேரியாவும் யானையும் இருந்த காட்டுக்குள் கூப்பிட்டால் யார் வருவார்கள்? பக்கத்தில் இருப்பவன் வருவான். அவனும் குடியிருக்க வரவில்லை. காய் எடுக்கும் மாதங்களில் மேலே குடிசை போட்டுத் தங்குவான், பிறகு இறங்கிவிடுவான். வீடு கீழே, விளைச்சல் மேலே என்ற ஏற்பாடு அப்படித்தான் பழகியது.

அடுத்து நடந்ததுதான் இந்தப் பண்ணைக்கு அதன் விசித்திர உருவத்தைக் கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் திருவிதாங்கூர் தன் ஏகபோகத்தைக் கைவிட்டு நிலவரிக்கு மாறியது. காயை விற்கும் உரிமை குடியானவனுக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1897 ஆகஸ்டு 24 அன்று, ஏலமலையை ஒதுக்குக் காடாக அறிவித்து ஓர் அரசாணையும் வந்தது. ஒரு கையால் விவசாயிக்குக் கொடுத்து, மறு கையால் வனத்துறைக்குக் கொடுத்ததுபோல் ஆயிற்று. நிலம் வருவாய்த்துறைப் பொறுப்பில், மரம் வனத்துறைப் பொறுப்பில் என்று நிலைத்த ஏற்பாடு சுதந்திரத்துக்குப் பிறகும், கேரளம் உருவான பிறகும் மாறவில்லை. மண்ணைக் கொத்தலாம், ஏலம் வைக்கலாம், காயை விற்கலாம், மகனுக்கு எழுதி வைக்கலாம். தலைக்கு மேலே நிற்கும் மரம் மட்டும் தன்னுடையதில்லை. நிழலுக்கு வேண்டிய அளவு கொப்பைக் கழித்துக்கொள்ளலாம். மரத்தைச் சாய்த்து விற்க முடியாது.

தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் புலம்பும் சட்டம் இது. எனக்கோ, இந்தச் சட்டத்தின் தயவில்தான் ஏலமலையில் இவ்வளவு நாள் மரம் நின்றது என்று தோன்றுகிறது. அக்கம்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். அதே மலைத்தொடரில் வடக்கே கண்ணன் தேவன் மலையை 1877-ல் ஜான் டேனியல் மன்ரோ பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகைக்கு வாங்கினார். அங்கே சோலை போய்த் தேயிலை வந்தது. மூணாறின் பச்சையைப் பார்த்து மயங்குகிறோமே, அது மரத்தை எடுத்துவிட்ட பச்சை. பூப்பாறையைத் தாண்டி சாந்தம்பாறை, உடும்பஞ்சோலைப் பக்கம் திரும்பினால்தான் அடுக்கடுக்காய் மரம் நிற்கும் காடு. உள்ளே போனால் தரை முழுக்க ஏலம். மரத்தை விற்க முடியாது என்பதால், மரத்தடியில் எதை விற்கலாம் என்று யோசித்த விவசாயம் அது. தேயிலை முதலாளிக்கும் ஏலக்காரனுக்கும் குணத்தில் வித்தியாசம் இருந்ததாக நான் நம்பவில்லை. ஒருவரின் பயிருக்கு நிழல் வேண்டியிருந்தது, பத்திரத்தில் மரம் எழுதிக் கொடுக்கப்படவில்லை. அவ்வளவுதான்.

அந்த 1897 அறிவிப்பிலேயே ஒரு வம்பும் இருக்கிறது. ஒதுக்குக் காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது. முன்னால் ஒரு ‘2’ இருக்கிறதா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பட்டா தொங்குகிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இங்கே புதிதாகப் பட்டா வழங்குவதை நிறுத்திவைத்தது. நூற்றிருபது ஆண்டுக்கு மேல் பயிர் நடக்கும் நிலம் காடா, தோட்டமா என்று முடிவாகவில்லை. நேரில் போய்ப் பார்ப்பவருக்கும் அது முடிவாகாது. இரண்டும்தான் அது.

மரத்தடி விவசாயம் என்றால் மரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. பலா, நாவல், சந்தனவேம்பு, மலைக்கொன்றை என்று வகைவகையாய் நிற்கும் மரங்களில் எது எவ்வளவு நிழல் தரும், எது எப்போது இலை உதிர்க்கும் என்பது கங்காணிக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். கோடை முடிந்து சாரல் பிடிப்பதற்குள் ஆளை மரமேற்றிக் கொப்பு கழிப்பார்கள். மழைக்காலத்து மங்கல் வெளிச்சம் செடிக்குக் கிடைக்க வேண்டுமல்லவா? கழித்த இலை செடியின் காலடியில் மூடாக்காகும். ஏலத்தின் உறிஞ்சு வேர் மேல்மண்ணிலேயே பரவி நிற்பது, அதற்குப் போர்வை வேண்டும். தடித்த கொப்பு விறகாகும். ஆவணி வாக்கில் காய் எடுப்பு தொடங்கியதும் ஸ்டோர் எரிய அந்த விறகு வேண்டும். ஸ்டோர் என்றால் கடையல்ல, ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். தகரக் குழாய்க்குள் சூட்டை ஓடவிட்டு, பச்சை நிறம் போகாமல் ஓர் இரவும் ஒரு பகலுமாகக் காயை வாட்டி எடுப்பார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் வாடினால் ஒரு கிலோ தேறும். பூவுக்கு மகரந்தம் கொண்டுவரும் தேனீயும் கூடு கட்ட மரத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஆக நிழல், மூடாக்கு, விறகு, தேனீ என்று மரம் தன்னை விற்காமலே தோட்டத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் கொடுத்தது.

ஒன்றை மட்டும் மரத்தால் கொடுக்க முடியவில்லை. உரம். உதிர்ந்த சருகு மட்கிக் காட்டுக்குப் போதும். ஆண்டுதோறும் காய் பறித்து மூட்டை மூட்டையாக மலையிறக்கும் தோட்டத்துக்குப் போதாது. அதற்குப் பதில் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது.

மலைமாடு என்று இங்கே சொல்வார்கள். உருவம் சிறியது, கால் கெட்டி, நிறம் பலவகை. கட்டுத்தறியில் கட்டித் தீனி போட்டு வளர்க்கும் மாடு அல்ல. பால் அதன் கன்றுக்கே சரியாக இருக்கும், வீட்டுக்கு மிஞ்சாது. பின் எதற்கு நூற்றுக்கணக்கில் வளர்த்தார்கள்? சாணத்துக்கு. கொஞ்சம் உழவுக்கும், ஜல்லிக்கட்டுக் காளைக்கும், முதன்மையாகச் சாணத்துக்கு. பள்ளத்தாக்கில் பயிர் நிற்கும் மாதங்களில் மந்தை மலைச் சரிவில் தொழுவடைத்து மேயும். கதிர் அறுத்ததும் கீழே இறங்கித் தாள் மேயும். அப்போது வயலில் கிடை போடுவார்கள். இரவெல்லாம் மாடு படுத்தெழுந்த வயலுக்கு வேறு எரு வேண்டாம். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்ததும் நெல் வயல் பெருகியது. வயல் பெருகினால் தாளும் பெருகும், கிடைக்குக் கேட்பவரும் பெருகுவார்கள். மேலே ஏலத்துக்கும் அதே சாணம்தான். மலையில் பல தழையும் மேய்ந்த மாட்டின் சாணத்துக்குத் தனிக் காரம் உண்டு என்பது தோட்டக்காரர் நம்பிக்கை. நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும். தமிழ்நாட்டுச் சாணம் லாரி லாரியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது.

எல்லா வீட்டிலும் தோட்டம், மந்தை, வயல் மூன்றும் இருந்ததில்லை. மந்தை வைத்திருந்தவர்கள் பலருக்கு ஒரு குழி ஏலம் கிடையாது. பெரிய தோட்டக்காரர் வீட்டு மாட்டை மேய்த்தவர் வேறு வீட்டுக்காரர். காய் எடுத்த பெண்களுக்குக் கூலியைத் தவிர எதிலும் பங்கு கிடையாது. ஆகையால் ‘குடும்பப் பண்ணை’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிதானமாகத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு குடும்பத்தின் பெயரில் இருந்தது, பல குடும்பங்களின் கால் அதில் ஏறி இறங்கியது. ஆனால் மூன்று அடுக்கும் ஒன்றையொன்று நம்பித்தான் ஓடின என்பதில் சந்தேகமில்லை. பள்ளத்தாக்கில் மாட்டுக்கு இருக்கும் மரியாதையைப் பார்த்தாலே அது விளங்கும். கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. கோயிலென்றால் அங்கே சாமி மாடுதான். நேர்ந்துகொண்டவர்கள் கன்றைக் கொண்டுவந்து விடுவார்கள். மாட்டுப் பொங்கலன்று பள்ளத்தாக்கே திரண்டு வந்து கும்பிடும். பால் தராத மாட்டுக்கு இவ்வளவு கூட்டம் கூடுவது வெளியூர்க்காரருக்கு வியப்பாக இருக்கலாம்.

இந்த ஏற்பாடு நன்றாக ஓடிய காலத்தில் போடி வளர்ந்தது. பொதிமாடும் கழுதையும் அரிசியை மேலே ஏற்றி ஏலத்தைக் கீழே இறக்கின. குரங்கணிக்கு மேலே, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி அடிவாரத்துக்கு மூணாறுத் தேயிலையை இறக்கக் கம்பிவடப் பாதை ஒன்று இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இயங்கியது. 1924 பெருவெள்ளம் மூணாறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. நான்கே ஆண்டில், 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்துவிட்டது. உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010 முடிவில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15 அன்றுதான் மறுபடி போடிக்கு ரயில் வந்தது. ஏல விவசாயிகள் சங்கம் போடியில் ஒரு கல்லூரியே நடத்துகிறது. சி.பி.ஏ. கல்லூரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மூன்றெழுத்தில் ஏலக்காய் இருப்பது உள்ளூர்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நினைவிருக்காது.

மேலிருந்து கீழாக நின்ற பண்ணையைக் குறுக்கே வெட்டிய கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. எதுவும் பண்ணையைக் கெடுக்கவென்று போட்ட கோடல்ல.

முதல் கோடு சரிவில். போடி மலைச்சரிவு ஜமீன் காலத்தில் ஜமீனுடையது. ஜமீனிடம் வரி கட்டி மாட்டை ஓட்டிப் போவது பழகிய காரியம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. காடு அரசுக்குப் போனது, மேய்ச்சல் வனத்துறைச் சீட்டுக்குள் வந்தது. ஜமீனைவிட அரசு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஜமீன்தாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவர்கள் ரேஞ்சரிடம் கெஞ்சினார்கள். ஆனால் ஜமீனுக்கு மாடு வருமானம். வனத்துறைக்கு மாடு தொந்தரவு. நோக்கம் மாறியதும் மந்தை சுருங்கத் தொடங்கியது.

இரண்டாம் கோடு உச்சியில். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்துக்குப் போயின. அதற்கு முன்பே திருவிதாங்கூர் அரசு, போர்க்காலத்தில் உணவு விளைவிக்க இந்தக் காட்டில் ஆளுக்கொரு துண்டு குத்தகைக்குக் கொடுத்திருந்தது. ஐம்பதுகளில் பட்டம் தாணுப்பிள்ளை அரசு குடியேற்றத் திட்டங்களைக் கொண்டுவந்தது. மத்திய திருவிதாங்கூரிலிருந்து வந்த குடியானவர்கள் மரச்சீனியும் மிளகும் ஏலமுமாக மலையிலேயே குடியமர்ந்தார்கள். தமிழர் போராட்டம் நடந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. கடைசியில் எல்லை மெட்டில் நின்றது. போடிக்காரர் தோட்டம் வேறு மாநிலத்துத் தோட்டமாகவே நிலைத்தது. வீட்டு வரி தமிழில், தோட்ட வரி மலையாளத்தில். தோட்டக்காரர் இரண்டு மாநிலத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆளானார். அவருக்காகப் பேச வேண்டிய கட்டாயம் இரண்டு மாநிலத்துக்கும் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தோட்டமும் கிடையாது. விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மெட்டு ஏறும் பெண்கள் இருட்டியபின் இறங்குகிறார்கள். எல்லைச் சாவடி மூடியிருந்த கொரோனாக் காலத்தில்தான், இந்த மலை எவ்வளவு பேர் தினசரி ஏறி இறங்குவதால் நிற்கிறது என்பது வெளியே தெரிந்தது.

மூன்றாம் கோடு புலிக்காக. மேகமலைப் பக்கம் சரணாலயமாகி, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாளிலேயே அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. 2025 ஆகஸ்டில் போடி அடிவாரத்தில் மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிப் போகும் போராட்டம் நடந்து போலீஸ் வந்து நின்றது. வனத்துறையிடம் நியாயம் இல்லாமல் இல்லை. மந்தை புகுந்த இடத்தில் மரக்கன்று மிதிபடும். வீட்டு மாட்டின் கோமாரி காட்டுமாட்டுக்கும் தொற்றும். மேய்ப்பவர்களும் சும்மா பேசவில்லை. மேயாத சரிவில் போதைப்புல் ஆளுயரம் வளர்ந்து, மாசி பங்குனியில் காய்ந்து நிற்கும், ஒரு பொறி போதும் என்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களைப் புல்லில் பிடித்த தீ சூழ்ந்து கொன்றதை மறக்க முடியுமா? அந்தத் தீக்கு மாடு இல்லாததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எத்தனை மாடு என்று கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு, உண்டா இல்லையா என்று பதில் எழுதிவிட்டார்கள். என் குறை அவ்வளவுதான்.

கோடுகள் போதாதென்று செடியும் மாறியது. கட்டப்பனை அருகே செபாஸ்டியன் ஜோசப் என்ற குடியானவர் தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கி, எண்பதுகளின் கடைசியில் ஒரு ரகத்தைக் கொண்டுவந்தார். அவர் வீட்டுப் பெயர்தான் ரகத்தின் பெயர்: ஞள்ளானி. விளைச்சல் பழைய ரகங்களைவிடப் பல மடங்கு. சில ஆண்டுக்குள் மலை முழுக்க ஞள்ளானி ஆனது. ஆராய்ச்சி நிலையம் எதுவும் செய்யாததை ஒரு விவசாயி செய்தார். அதில் எல்லோருக்கும் பெருமை. கூடவே வந்தது கணக்கு: இந்த ரகம் வெயிலைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், வெயில் கூடினால் காயும் கூடும். கழிக்கும் கொப்பு ஆண்டுக்காண்டு கூடியது. மரம் நின்றது, சட்டப்படி நின்றது. தலை மட்டும் மொட்டையாய் நின்றது. சட்டம் மரத்தின் அடியைத்தான் எண்ணுகிறது, நிழலை எண்ணுவதில்லை. நிழல் குறைந்ததும் ஈரம் குறைந்தது, பூச்சி பெருகியது. பூச்சிக்கு மருந்து, விளைச்சலுக்கு மூட்டை உரம். இந்தியாவில் மருந்து அதிகம் அடிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்றாகிவிட்டது. மருந்து எச்சத்தைக் காரணம் காட்டி 2018 வாக்கில் சவூதி அரேபியா நம் காயைத் திருப்பியது. அரபு நாட்டுக் காப்பிக்கு ஏலம் வேண்டும். நூறாண்டுக்கு முன் நம் மலைச் செடியைக் கொண்டுபோய் வைத்த குவாதமாலா கொடுக்கத் தயாராய் நின்றது. ஏற்றுமதியில் முதலிடம் அவர்களுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

விலையும் நிதானத்தைக் கெடுத்தது. 2018 வெள்ளம், அதைத் தொடர்ந்த வறட்சி என்று செடி அழிந்து சரக்கு தட்டுப்பட்டபோது, 2019 ஆகஸ்டு 3 அன்று மலைமேல் புற்றடி விற்பனை மையத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாய்க்குப் போனது. இப்போது போடியிலும் புற்றடியிலும் விற்பனை கணினித் திரையில் நடக்கிறது. வியாபாரி பொத்தானை அழுத்த, எண் ஏறும். அந்த எண்ணைக் கண்டவர்கள் மலையில் ஒரு குழி இடம் விடாமல் ஏலம் வைத்தார்கள். அடுத்த ஆண்டே விலை இறங்கியது. பாட்டன் காலத்தில் செடி வைத்தால் மூன்றாம் ஆண்டுக் காயைப் பார்த்துக்கொண்டு பொறுமையாய் இருந்தார்கள். பேரன் கைப்பேசியில் அன்றன்றைய விலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

2024 கோடையில் மழை பொய்த்து, இடுக்கியில் ஏலத்தோட்டங்கள் கருகின. நல்ல நிழல் நின்ற தோட்டங்கள் ஓரளவு தாக்குப் பிடித்தன. மொட்டை மரத்துத் தோட்டங்களில் தட்டை சாய்ந்து கிடந்தது. அந்தக் கோடையில் மலையில் அதிகம் விற்றது பச்சை நிற நிழல்வலை. மூங்கில் நட்டு, கம்பி இழுத்து, செடிக்கு மேலே வலையைக் கட்டினார்கள். கொப்பாக வெட்டித் தள்ளிய நிழலை மீட்டர் கணக்கில் காசு கொடுத்து வாங்கினார்கள். ஏக்கருக்குப் பெருந்தொகை ஆகும் செலவு அது. வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள்.

வலை கட்டியவர்களில் சிலர் இப்போது மரக்கன்றும் வைக்கிறார்கள். பலா வைக்கிறார்கள், பழமும் ஆகும், நிழலும் ஆகும், மிளகுக் கொடியும் ஏறும். வைக்கும்போது கேட்கும் கேள்வி பழைய கேள்விதான்: நான் வைத்த மரம் நாளைக்கு யாருடையது? காட்டு மரம் அரசுடையது என்பதில் பெரிய சண்டையில்லை. கையால் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தையும் அதே பேரேட்டில் சேர்ப்பார்களா என்ற பயம் இருக்கும்வரை, கன்று வைப்பவர் யோசித்துக்கொண்டேதான் வைப்பார். இடையிடையே சில்வர் ஓக்கை நுழைப்பவர்களின் யோசனையும் அதுதான். அது வெளிநாட்டு மரம், பின்னால் வெட்ட அனுமதி கிடைப்பது எளிது என்று கணக்குப் போடுகிறார்கள். நிழலைப் பொறுத்தவரை சில்வர் ஓக் பலாவுக்கு ஈடாகாது, அதன் சருகும் எளிதில் மக்காது. இது தோட்டக்காரருக்குத் தெரியாமல் இல்லை.

சாணத்துக்கும் இதே கதி. மந்தை குறையக் குறையச் சாண விலை ஏறுகிறது. மலைமாட்டுச் சாணம் கிடைக்காதபோது கோழி எருவும் ஆலையில் அடைத்த இயற்கை உரமும் மெட்டு ஏறுகின்றன. போடிப் பக்கம் இன்னும் மந்தை வைத்திருப்பவர்கள் பலருக்கு வருமானம் என்று கையில் விழுவது சாணக் காசுதான். அதைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மேலே உள்ள ஏலக்காரர்கள். மேய்ச்சல் வழக்கில் ஏலக்காரர்கள் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. பட்டா வழக்கில் மேய்ப்பவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஒன்று சென்னையில் நடந்தது, மற்றொன்று டெல்லியில் நடக்கிறது. இரண்டு வழக்குக் கட்டையும் சேர்த்து ஒரே மேசையில் விரித்துப் பார்க்கச் சொல்லி எந்தச் சங்கமும் மனுப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். போடியில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை.